எத்தனை முறை செய்தால் சுத்தம்?

15,000. இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டர்ஹாம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுத்த ஒரு கல்லூரி. அதில் வேதியியல் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் ஜேம்ஸ் என்ற ஆங்கிலேயர், 1911ல் துலியம் என்ற தனிமத்தைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். அந்தத் துலியத்தைச் சுத்தப்படுத்த அவர் செய்த படிகமாக்கல்களின் எண்ணிக்கைதான் இந்த 15,000. உப்பைக் கரை, சூடாக்கு, ஆறவிடு, விழுந்த படிகத்தைப் பிரித்தெடு, மறுபடியும் கரை. இதே வேலைதான், வருடக்கணக்கில்.

நான் மென்பொருள் ஆள். ஒரு வேலையைப் பதினைந்தாயிரம் தடவை திருப்பிச் செய்வது என்பது எங்களுக்கு இரண்டு வரி நிரல். எனவே எண் என்னை மிரட்டவில்லை. வேறொரு கேள்விதான் உறுத்தியது. நிரலில் ஒரு சுழற்சி எழுதினால், எப்போது நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதியாக வேண்டும். ஜேம்ஸ் ஏன் பத்தாயிரத்தில் நிறுத்தவில்லை? பதினைந்தாயிரத்தோடு போதும் என்று எதை வைத்து முடிவு செய்தார்? "இது சுத்தமாகிவிட்டது" என்று ஒரு வேதியியலாளருக்கு யார் சொல்வது?

இதைத் தேடிப் போனதில் கிடைத்த கதை, நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது.

முதலில் அடிப்படை

படிகமாக்கல் நமக்குப் புதிதில்லை. கற்கண்டு அதுதான். சர்க்கரைப் பாகு மெல்ல மெல்ல ஆறும்போது நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். அழுக்கும் நிறமும் பெரும்பாலும் பாகிலேயே தங்கிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் செய்வதும் இதே தத்துவம்தான், கணக்குப் போட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

வெடியுப்பை எடுத்துக்கொள்வோம், அதாவது பொட்டாசியம் நைட்ரேட். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 32 கிராம் கரையும். அதே தண்ணீர் கொதிக்கும்போது 240 கிராமுக்கு மேல் கரையும். சமையலுப்பு அப்படி இல்லை. 20 டிகிரியில் 36 கிராம், கொதிக்கும்போது 39 கிராம். சூடு அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

இப்போது 90 கிராம் வெடியுப்பில் 10 கிராம் சமையலுப்பு கலந்திருக்கிறது என்று வையுங்கள். 100 கிராம் கொதிநீரில் இரண்டும் முழுக்கக் கரைந்துவிடும். கரையாத மண், தூசி இருந்தால் சூட்டோடு வடிகட்டிவிடலாம். பிறகு 20 டிகிரிக்கு ஆறவிட்டால், தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய வெடியுப்பு ஏறக்குறைய 32 கிராம்தான். மீதி 58 கிராம் படிகமாக விழுந்தே தீரவேண்டும். சமையலுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தப் பத்து கிராமும் கரைசலிலேயே இருந்துவிடும். படிகத்தை வடிகட்டி, ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் குளிர்ந்த நீரால் கழுவினால் வேலை முடிந்தது.

மெதுவாக ஆறவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. படிகம் என்பது ஒரே மாதிரி துகள்கள் வரிசை பிசகாமல் அடுக்கிய அடுக்கு. நிதானமாக வளர்ந்தால், பொருந்தாத துகளை அது ஒதுக்கித் தள்ளிவிடும். அவசரப்படுத்தினால் அழுக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு வளர்ந்துவிடும்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயம், நட்டம். 90 கிராமில் 58தான் கைக்கு வந்தது. மீதி 32 கிராம், வடிகட்டிய நீரில் போய்விட்டது. அந்த நீருக்குத் தாய்க் கரைசல் என்று பெயர். இந்தத் தாய்க் கரைசலைத் தூக்கிக் கொட்டலாமா கூடாதா என்பதில்தான் பின்னால் வரும் கதை முழுவதும் இருக்கிறது.

இரட்டையர்களின் தொல்லை

வெடியுப்பும் சமையலுப்பும் குணத்தில் வெவ்வேறு. அதனால் ஒரே தடவையில் பிரிந்துவிட்டன. கலந்திருக்கும் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால்?

அருமண் தனிமங்கள் அப்படிப்பட்டவை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் இட்டர்பி என்ற ஊரின் சுரங்கத்தில் 1787ல் ஒரு கனமான கருப்புக் கல் கிடைத்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தனிமங்கள் வந்துகொண்டே இருந்தன. இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என்று நான்கு தனிமங்களின் பெயரில் அந்த ஒரு ஊர் ஒளிந்திருக்கிறது.

இவை ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? லாந்தனத்திலிருந்து லுட்டேசியம் வரை 15 தனிமங்கள். அடுத்தடுத்து எலக்ட்ரான் கூடிக்கொண்டே போனாலும், அவை அணுவின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வேதிவினை நடத்தும் வெளிப்பக்கம் மாறுவதில்லை. லாந்தனத்தின் அயனி ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர், லுட்டேசியத்தினுடையது சுமார் 86. பதினான்கு படிகளில் இவ்வளவுதான் வித்தியாசம். ஒரு படிக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. படிகம் வளரும்போது பக்கத்து வீட்டுக்காரனை அடையாளம் கண்டு தள்ளிவிட இந்த வித்தியாசம் போதாது. இரண்டும் சேர்ந்தே விழும். ஏதோ ஒன்று கொஞ்சூண்டு அதிகமாக விழும், அவ்வளவே.

1841ல் மொசாண்டர் என்ற ஸ்வீடன் வேதியியலாளர், லாந்தனத்தோடு ஒட்டியிருந்த இன்னொன்றைப் பிரித்து, டிடிமியம் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் இரட்டையர் என்று பொருள். லாந்தனத்தின் இரட்டைப் பிறவி என்ற எண்ணத்தில் வைத்த பெயர். டிடிமியம் தனிமங்களின் பட்டியலில் ஏறியது. மெண்டலீவ் 1869ல் வெளியிட்ட அட்டவணையிலும் அதற்கு இடம் இருந்தது. முதலில் 1879ல் அதோடு கலந்திருந்த சமாரியம் பிரிந்து வந்தது. மிச்சம் தனிமம்தான் என்ற நம்பிக்கை இன்னும் ஆறு வருடம் ஓடியது.

1885ல் வியன்னாவில் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், டிடிமியத்தின் அம்மோனியம் இரட்டை நைட்ரேட் உப்பை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிகமாக்கினார். மெல்ல மெல்ல ஒரு முனையில் பச்சை நிற உப்பும் மறுமுனையில் இளஞ்சிவப்பு உப்பும் ஒதுங்க ஆரம்பித்தன. பச்சைக்குப் பிரசியோடைமியம், அதாவது பச்சை இரட்டை. மற்றதற்கு நியோடைமியம், புதிய இரட்டை. இரட்டையர் என்று பெயர் வைக்கப்பட்ட பொருள் தானே இரட்டையராக இருந்திருக்கிறது!

ஆக, 44 வருடங்கள் உலகமே தனிமம் என்று ஏற்றுக்கொண்டிருந்த ஒன்று கலவை. மொசாண்டர் கவனக்குறைவான ஆள் இல்லை. அவருடைய முறையால் அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை, அதனால் ஒன்று என்று எண்ணினார்.

வெல்ஸ்பாக்கை நமக்கு வேறு வழியில் தெரியும். திருவிழாக் கடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக எரியுமே ஒரு வலை, அந்த மேன்டில் அவருடைய கண்டுபிடிப்புதான். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்காக உலகமெங்கும் மோனசைட் மணலைத் தேடினார்கள். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதன் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். இன்று அது நம் கன்னியாகுமரி மாவட்டம். மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்தபின் மிஞ்சும் கழிவு முழுக்க அருமண்கள். மேன்டில் தொழில் வளர்ந்ததால்தான் ஆய்வாளர்களுக்கு இந்தச் சரக்கு கிலோக் கணக்கில் கிடைக்கத் தொடங்கியது.

கொஞ்சம் கணக்கு

இங்கே என் தொழில் புத்தி எட்டிப் பார்க்கிறது. அ, ஆ என்று இரண்டு உப்புகள், சரிபாதி கலவை. ஒரு தடவை படிகமாக்கினால் அ-வில் 60 சதவீதமும் ஆ-வில் 40 சதவீதமும் படிகத்துக்கு வருகின்றன என்று வைப்போம். ஒவ்வொரு தடவையும் அ-வின் விகிதம் ஒன்றரை மடங்கு கூடும். 99.9 சதவீதச் சுத்தம் வேண்டுமென்றால் 17 அல்லது 18 தடவை போதும். பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆனால் தாய்க் கரைசலை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட்டால் 17 தடவைக்குப் பிறகு என்ன மிஞ்சும்? 0.6-ஐ 17 தடவை பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ அ-விலிருந்து 0.17 கிராம்! இதுவும் தாராளமான உதாரணம். அருமண்களுக்குப் பொருந்துகிற மாதிரி, ஒரு தடவைக்கு விகிதம் பத்து சதவீதம்தான் கூடும் என்று வைத்தால், 73 தடவை வேண்டும். கடைசியில் மிஞ்சுவதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. சுத்தமான பொருள் கிடைக்கும், ஆனால் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால்தான் பின்னப் படிகமாக்கல் என்ற முறை. எதையும் கொட்டக் கூடாது. முதல் கிண்ணத்தைப் படிகம், தாய்க் கரைசல் என்று இரண்டாகப் பிரி. இரண்டையும் தனித்தனியாக மறுபடி படிகமாக்கு. இப்போது நான்கு பங்கு. நடுவில் இருக்கும் இரண்டும், அதாவது ஒன்றின் தாய்க் கரைசலும் இன்னொன்றின் படிகமும், தரத்தில் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை ஒன்றாகச் சேர். மூன்று கிண்ணம் ஆகும். அடுத்த சுற்றில் நான்கு. இப்படியே வரிசை நீளும். எளிதில் படிகமாவது ஒரு முனைக்கும், கரைசலிலேயே கிடக்க விரும்புவது மறுமுனைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டது நடுவில் நிற்கும்.

ஒவ்வொரு கிண்ணமும் ஒரு படிகமாக்கல். ஒன்றில் தொடங்கி வரிசைக்கு ஒரு கிண்ணம் கூடினால், 173 வரிசையில் மொத்தம் 15,051 ஆகிவிடும். நடைமுறையில் வரிசையை அவ்வளவு நீளவிட மாட்டார்கள், முனைகளை அவ்வப்போது எடுத்துத் தனியே வைப்பார்கள். 20 கிண்ண வரிசை என்றால் 750 சுற்று. எப்படிப் பார்த்தாலும் 15,000 என்பது ஒரே பொடியை 15,000 தடவை கரைத்த கதை இல்லை. பெரிய வரிசையைப் பொறுமையாக நகர்த்திக்கொண்டே போன கதை.

டர்ஹாமில் நடந்தது

ஜேம்ஸ் 1880ல் பிறந்தவர். லண்டனில் வில்லியம் ராம்சேயிடம் படித்துவிட்டு 1906ல் டர்ஹாம் வந்தார். அவருடைய பெரிய பங்களிப்பு எந்த உப்பை எடுப்பது என்ற தேர்வில் இருக்கிறது. எடை கூடிய அருமண்களைப் பிரிக்க புரோமேட் உப்புகள் நன்றாக வேலை செய்யும் என்று கண்டுபிடித்தார். வெல்ஸ்பாக்கின் அம்மோனியம் நைட்ரேட்டும் இதே மாதிரியான தேர்வுதான். உப்பை மாற்றினால் இரட்டையருக்கு இடையிலான அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகும். சுற்றுகளின் எண்ணிக்கை பாதியாகலாம், பத்தில் ஒன்றாகலாம். மென்பொருளில் நல்ல வழிமுறையைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம் இது. வேகமான கணினி அதற்கு அப்புறம்தான்.

துலியம் 1879லேயே பெயர் பெற்ற தனிமம். ஸ்வீடனின் கிளீவே கண்டுபிடித்தது. ஆனால் 68ஆம் எண் எர்பியத்துக்கும் 70ஆம் எண் இட்டர்பியத்துக்கும் நடுவே 69ஆக, அதுவும் மிகக் குறைந்த அளவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் உப்பின் வெளிர்பச்சை நிறத்தைக் கண்ணால் பார்க்கும் அளவுக்குக்கூட ஆரம்பத்தில் யாராலும் சேர்க்க முடியவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஜேம்ஸ் எங்கே நிறுத்தினார்?

அவருக்கு வழிகாட்டி நிறமாலை. கரைசல் வழியே ஒளியைச் செலுத்தினால் பல அருமண்கள் தமக்கே உரிய இடங்களில் கருப்புப் பட்டைகளைக் காட்டும். வரிசை நகர நகர, எர்பியத்தின் பட்டைகள் மங்க வேண்டும், துலியத்தினுடையவை தெளிவாக வேண்டும். ஒரு கட்டத்தில் எதுவும் மாறாது. அப்போதும் நிறுத்த முடியாது. டிடிமியத்தின் பாடம் அங்கே நிற்கிறதே! இதுவும் உள்ளே இரண்டாக இருந்தால்? அதனால் மேலும் மேலும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த முனையும் அந்த முனையும் ஒன்றேதானா என்று ஒப்பிட வேண்டும். அந்த 15,000, பொருள் முழுக்க ஒரே சீரானதுதான் என்று நிலைநாட்டவும் சேர்த்துத்தான்.

எனக்கு இந்த இடம்தான் பெரிய திறப்பு. சுத்தம் என்பதைப் பொருளுக்குள் இருக்கும் ஒரு குணமாகத்தான் நாம் பேசுகிறோம். ஆய்வகத்தில் அது அப்படி வருவதில்லை. "நான் இன்னும் ஒரு தடவை செய்தேன், எதுவும் மாறவில்லை" என்பதுதான் சுத்தத்தின் இலக்கணம். பள்ளி ஆய்வகத்திலும் இதே கதைதான். படிகமாக்கிய பொருளின் உருகுநிலையைப் பார்க்கிறோம். மறுபடி படிகமாக்கிப் பார்க்கிறோம். உருகுநிலை ஏறினால் இன்னும் அழுக்கு இருந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் நிறுத்துகிறோம்.

மேரி கியூரி பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரித்ததும் இதே பின்னப் படிகமாக்கல் முறையில்தான். 1902ல் அவர் கையில் இருந்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. ஆனால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. கதிரியக்கம் சுற்றுக்குச் சுற்று ஏறுவதைக் கருவியில் பார்க்கலாம். சரியான திசையில்தான் போகிறோம் என்று பொருளே சொல்லிக்கொண்டிருந்தது. ஜேம்ஸுக்கு அப்படி உதவ யாரும் இல்லை.

இலக்கணம் உடைந்த இடங்கள்

இதோடு முடித்திருந்தால் உழைப்பே வெற்றி என்ற கதையாகியிருக்கும். வரலாறு அப்படி முடியவில்லை.

1913, 1914ல் மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களுக்கு வரிசை எண் கொடுத்தார். பாரிஸிலிருந்து உர்பெயின், தான் 1911ல் அறிவித்த செல்டியம் என்ற புதிய தனிமத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு மோஸ்லியிடம் வந்தார். பல வருடம் படிகமாக்கிச் சேர்த்தது. மோஸ்லியின் கருவி சில நாளிலேயே பதில் சொல்லிவிட்டது: இதில் புதிதாக எதுவும் இல்லை, எல்லாம் தெரிந்த அருமண்களே. அடுத்த வருடமே மோஸ்லி கலிப்போலிப் போர்க்களத்தில் இறந்துபோனார், வயது 27.

மோஸ்லியின் வரிசையில் 61ஆம் இடம் காலியாக இருந்தது. நியோடைமியத்துக்கும் சமாரியத்துக்கும் நடுவே ஒரு தனிமம் இருந்தே ஆகவேண்டும். அதைப் பிடிக்கப் பல ஆய்வகங்கள் படிகமாக்கத் தொடங்கின. 1926ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் குழு இல்லினியம் என்றது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள், இல்லை, நாங்கள்தான் முதலில், அதன் பெயர் புளோரென்சியம் என்றார்கள். அதே 1926ல், நம்முடைய ஜேம்ஸும் சகாக்களோடு சேர்ந்து 61ஐ அடையாளம் கண்டதாக எழுதினார்.

யாரும் காணவில்லை. காண முடியாது. 61ஆம் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. மிக நீண்ட ஆயுள் கொண்டதன் அரை ஆயுளே ஏறக்குறைய 18 வருடம்தான். 1945ல் ஓக் ரிட்ஜில் யுரேனியப் பிளவின் எச்சத்திலிருந்து புரோமித்தியம் என்று அது வந்தது. பிரித்தது படிகமாக்கலால் அல்ல, அயனிப் பரிமாற்ற முறையால். மணலில் இல்லாத ஒன்றை எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் எடுக்க முடியாது. ஆனால் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு மங்கலான கோடுகளைப் பார்த்தால், கண் எதையாவது காட்டிவிடும். ஜேம்ஸின் கண்ணுக்கும் அது நடந்திருக்கிறது. 1928ல் அவர் இறந்தபோது இந்த வழக்கு தீரவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நிகழ்ச்சி. அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக நோபல் பரிசு பெற்றவர் ஹார்வர்டின் ரிச்சர்ட்ஸ். கதிரியக்கத் தாதுக்களில் கிடைக்கும் ஈயத்தின் அணு எடை சாதாரண ஈயத்தின் 207.2ஐ விடக் குறைவு என்று 1914ல் அவர் ஆய்வகம் காட்டியது. அப்படியானால் அதற்குள் வெவ்வேறு எடையுள்ள ஈய அணுக்கள் கலந்திருக்க வேண்டும். பிரித்துப் பார்ப்போம் என்று, ரிச்சர்ட்ஸும் ஹாலும் ஈய நைட்ரேட்டை ஆயிரம் தடவைக்கு மேல் பின்னப் படிகமாக்கினார்கள். 1917ல் முடிவு வந்தது. இரு முனைகளுக்கும் இடையே அணு எடையிலும் வேறுபாடு இல்லை, கதிரியக்கத்திலும் வேறுபாடு இல்லை.

மேலே சொன்ன இலக்கணத்தை இங்கே வைத்துப் பாருங்கள். ஆயிரம் தடவை செய்தும் மாறவில்லை, ஆகவே சுத்தம். ஆனால் அது கலவை! ஐசோடோப்புகளின் கலவை. படிகத்துக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியாது. நான்கு பத்தாண்டு டிடிமியத்தைப் பிரிக்காமல் விட்டதற்கு முறையின் பலவீனம் காரணம், நல்ல உப்பு கிடைத்ததும் பிரிந்துவிட்டது. ஈயத்தில் எந்த உப்பை எடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

ஆக அந்த இலக்கணத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. "இந்த முறையில் மேலும் செய்தேன், இந்தக் கருவியில் எதுவும் மாறவில்லை." முறையையும் கருவியையும் சொல்லாமல் சுத்தம் என்று சொன்னால் அது பாதி வாக்கியம்தான். மொசாண்டரும் ஜேம்ஸும் ரிச்சர்ட்ஸும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மொசாண்டருக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது, அது தவறாக இருந்தது. துலியத்தில் ஜேம்ஸ் அவ்வளவு காலம் கேட்டதால் பதில் நின்றது. ரிச்சர்ட்ஸோ, தன் முறையின் எல்லை எது என்பதைத் தன் முறையாலேயே கண்டுபிடித்தார். தோல்வி என்று எழுதப்பட்ட அந்த 1917 கட்டுரை எனக்கு மூன்றிலும் உயர்ந்ததாகப் படுகிறது.

1940களில் அயனிப் பரிமாற்றம் வந்ததும் கிண்ண வரிசைகள் மறைந்தன. வருடங்கள் எடுத்த வேலை வாரங்களில் முடிந்தது. நீங்கள் காதில் மாட்டியிருக்கும் கருவியின் காந்தத்தில் இருக்கும் நியோடைமியத்துக்காக இன்று யாரும் கிண்ணம் கிண்ணமாக ஆறவிட்டுக் காத்திருப்பதில்லை. ஆனால் வேதிப்பொருள் குப்பியின் மேல் 99.9 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், எதை வைத்து அளந்தார்கள் என்றும் சேர்த்துப் பாருங்கள். ஜேம்ஸ் அதை அறிய 15,000 தடவை ஆறவிட்டுக் காத்திருந்தார்.